சாட்ஸ்வொர்த் வீட்டை விற்க: பெயின்ட் அடித்தா, அப்படியேவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் வீட்டை விற்க நினைக்கும் சொந்தக்காரர்கள் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

செலவு: அப்படியே விற்றால் கைக்காசு போகாது. ஆனால் வாங்க வருபவர் ஒவ்வொரு கறையையும் காட்டி விலையைக் குறைப்பார். பெயின்ட் அடித்தால் முதலில் பணம் போகும், பேரத்தில் நம் கை ஓங்கும்.

காலம்: அப்படியே என்றால் நாளைக்கே காட்டலாம். மற்றதற்குச் சில வாரம்.

ஈரம்: பலர் சறுக்குவது இங்கேதான். கசிவைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் பூசினால் கோடை மழையில் கறை திரும்பிவிடும். 2022 பிப்ரவரி முதல் ஏஜென்ட் வழியாக விற்பவர், தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏமாற்றும் நோக்கத்தில் மறைத்தால் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருந்தபடியே விற்கிறேன் என்ற நிபந்தனை, காப்பாற்றாது.

சான்றிதழ்: வீட்டு மின் இணைப்பு பாதுகாப்பானது என்ற மின் சான்றிதழ் இரண்டு வழிக்கும் வேண்டும், 2 ஆண்டுக்கு மேல் பழையது செல்லாது. கடலோரத்தில் வண்டுச் சான்றிதழும், அதாவது மரத்தை வண்டு அரிக்கவில்லை என்ற சான்றும், கேட்பது வழக்கம்.

அவசரமாகப் பணம் வேண்டியவர், கூரையே பழுதானவர் அப்படியே விற்கலாம். சுவர் உலர்ந்த வீடென்றால் வெளிர்நிறப் பெயின்ட்டும் பாதிச் சாமான் வெளியேற்றமும் போதும். சாமி அறையைக் கலைக்க வேண்டாம், விளக்குப் புகைக்கரியை மட்டும் துடைத்துவிடுங்கள்.