ஸ்பேஸ்மவுஸா, பென் டேப்லெட்டா?

சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன் போன்ற கேட் (CAD, கணினி வழி வடிவமைப்பு) மென்பொருளில் பாகங்கள் வரைபவருக்கு ஸ்பேஸ்மவுஸ், அதாவது திரையிலுள்ள 3D மாடலைத் திருப்பிக் காட்டும் குமிழ் கருவிதான் சரி. இது மவுஸுக்கு மாற்று அல்ல, துணை. வலது கை மவுஸில் விளிம்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இடது கை குமிழைத் தள்ளி, தூக்கி, திருகி, சாய்த்து மாடலைத் திருப்பிக் காட்டும். முதல் சில நாள் மாடல் திரையை விட்டே ஓடும். டிரைவர் மென்பொருளில் வேகத்தை நன்றாகக் குறைத்து, ரோல் அச்சை (காட்சி பக்கவாட்டில் சாய்வதை) அணைத்துவிட்டுப் பழகுங்கள். கையை எடுத்த பிறகும் காட்சி தானாக நகர்ந்தால், குமிழைத் தொடாமல் மறுபடி கேலிபிரேட் செய்ய (நடுநிலையை மறுபதிவு செய்ய) வேண்டும்.

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் ஸ்கல்ப்டிங் (களிமண்ணைப் போல வடிவத்தைச் செதுக்குவது) என்றால் கதையே வேறு. அழுத்தத்துக்கேற்ப பள்ளம் ஆழமாவது பென் டேப்லெட்டின் பேனாவில்தான் கிடைக்கும். ஆனால் கேட் வேலைக்கு அதே பேனா பெருந்தொல்லை: தட்டும்போது நுனி இம்மியளவு நழுவினாலும் கிளிக், டிராக் ஆகிவிடும். மாடலைச் சுழற்றும் மவுஸின் நடு பட்டனுக்குப் பதிலாகப் பேனாவின் பக்கப் பட்டனை ஒதுக்குங்கள். அல்லது பிளெண்டரில் மூன்று பட்டன் எமுலேஷனை (நடு பட்டன் இல்லாமலே அதன் வேலையைச் செய்யும் வசதியை) இயக்கி, ஆல்ட்டை அழுத்தியபடி இழுத்துச் சுழற்றலாம். விண்டோஸில் அழுத்தமே பதியாவிட்டால் பிளெண்டரின் டேப்லெட் ஏபிஐ-யை (பேனாவின் அழுத்தத்தைப் படிக்கும் முறையை) விண்டோஸ் இங்க், வின்டேப் என மாற்றிப் பாருங்கள். வட்டம் முட்டையாக வந்தால் டேப்லெட் பரப்பு திரையின் விகிதத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்; டிரைவரில் விகிதத்தைப் பூட்டினால் சரியாகும்.