அமாவாசை பார்த்து டிக்கெட் போடுங்கள்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து, மலேசியாவின் செலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தைக்குக் கிளம்பத் திட்டம் போட்டபோது நான் மூன்று விஷயம்தான் பார்த்தேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, டிக்கெட் விலை, அண்ணனுக்கு லீவு கிடைக்குமா. நாலாவதாக ஒன்றை அத்தை பார்த்தார்.

"நீ வர்றது அமாவாசைக்கு முன்னயா பின்னயா?"

ஏதோ சாமி காரியம் என்று நினைத்து, "ஏன் அத்தை, விரதமா?" என்றேன்.

"விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல. பிள்ளைங்களுக்கு மின்மினி காட்டணும்னு சொன்னியே. நிலா காயுற அன்னிக்குப் போனா என்னத்தம்மா தெரியும்?"

சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்லியிருப்பார். நான் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். ஜூலை விடுமுறையின் பிற்பாதி, அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் இறங்குகிற மாதிரி. அந்த ஒரு வாரத்தால் பயணமே வேறு மாதிரி ஆனது. பிள்ளைகளோடு செலாங்கூர் கரையோரம் வரும் வெளியூர்த் தமிழர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதைத்தான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். அரசாங்கப் பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, அதாவது பாமாயில் மரம், நடுவே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். பக்கத்தில் தென்னமரம் என்றே பெயருள்ள தோட்டம். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டம் அதுதான், 1917-இல். செம்பனைக்கு முன்னோடியான தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம்! என் மகளுக்கு இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தாள். அப்பா ரப்பர்ப் பால் வெட்டிய காலத்து லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இப்போது இல்லை. அத்தை தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஓர் ஒற்றை மாடி வீட்டில் இருக்கிறார்.

வந்து இறங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் மலேசியா வந்து சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். இலவசம்தான், அதற்குக் காசு கேட்கும் தளங்கள் எதுவும் அரசாங்கத் தளம் இல்லை. என் கணவர் அப்படி ஒன்றில் கடன் அட்டை எண் வரை தட்டிவிட்டார், நல்லவேளை நான் எட்டிப் பார்த்தேன். குடிநுழைவில் அரை மணிக்குள் வெளியே வந்துவிட்டோம்.

வாடகைக் காரில்தான் முதல் தலைவலி. சின்னவனுக்கு வயது மூன்று. பிள்ளை இருக்கை வேண்டும் என்று முன்பதிவிலேயே பணம் கட்டியிருந்தேன். 2020 ஜனவரியிலிருந்து மலேசியாவிலும் அது சட்டம். கவுண்டரில் இருந்த தம்பி, "இருக்கை எல்லாம் வெளியே போயிருக்கு கா, மடியில வெச்சுக்குங்க, இங்க யாரும் பிடிக்க மாட்டாங்க" என்றார். பிடிப்பதா இப்போது பிரச்சினை? கடைசியில் அண்ணன் தன் பேத்தியின் இருக்கையைக் கழற்றிக்கொண்டு விமான நிலையம் வரை வந்தார். கட்டிய பணம் திரும்பக் கிடைக்க நாலு மின்னஞ்சல் ஆனது. கார் எடுக்கிறவர்கள், டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டை இருக்கிறதா, அதில் காசு இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். டோல் சாவடியில் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்க முடியாது.

கார் இல்லாமல், செல்பேசியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டியை மட்டும் நம்பலாமா? பகலில் பட்டணத்துக்குள் சரி. இரவில் ஆற்றோரக் கம்போங்கில் (கிராமத்தில்) இறங்கிவிட்டுத் திரும்பி வர வண்டி தேடினால் வராது. வேண்டுமானால் போன வண்டியையே காத்திருக்கச் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கம்போங் குவாந்தான் போனோம். அத்தை வீட்டிலிருந்து கோலசிலாங்கூர் போகிற வழியில்தான், செலாங்கூர் ஆற்றங்கரையில். நாலு பேர் உட்காரும் மரப்படகு, துடுப்புப் போடுபவர் ஒருவர். இன்ஜின் கிடையாது. வேறு படகுத்துறைகளில் மின்மோட்டார் படகும் உண்டு, கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது வசதி. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு துடுப்புப் படகுக்குத்தான். சத்தமே இல்லாததால் பிள்ளைகள் தாமாகவே குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். உயிர்காப்புச் சட்டை சின்ன அளவிலும் இருந்தது. சின்னவனுக்கு அதன் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று படகுக்காரரே பார்த்து வேறொன்று எடுத்து வந்தார்.

கொஞ்ச தூரம் இருட்டுதான். பிறகு பெரெம்பாங் மரங்கள் வருகின்றன. அரிசி மணி அளவுப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இலைமேல் உட்கார்ந்து ஒன்றாக விட்டுவிட்டு மின்னுகின்றன, வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னுவதுதான் விசேஷம். அப்படித் தாளம் போடுவது ஆண் பூச்சிகள், பெண்ணைக் கூப்பிடுவதற்காக. "அம்மா, மரம் மூச்சு விடுது" என்றாள் மகள். படகுக்காரர் மலாய்க்காரர். அவளுக்காகப் படகைக் கிளையோரம் ஒதுக்கி, ஒன்று கைமேல் வந்து உட்காரும்வரை பொறுத்திருந்தார். பிடிக்கக் கூடாது, விளக்கு அடிக்கக் கூடாது, பளிச்சென்று படம் எடுக்கக் கூடாது. பக்கத்துப் படகில் ஒருவர் செல்பேசி விளக்கைப் போட்டு மொத்த ஆற்றின் திட்டையும் வாங்கிக்கொண்டார்.

சின்ன வயதில் இதற்கு நாங்கள் டிக்கெட் வாங்கியதில்லை. அப்பா ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்க இந்த ஆற்றுக்கு வருவார். திரும்பும்போது மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, "அங்க பாரு" என்பார். அவ்வளவுதான். அப்போது மரங்கள் இன்னும் நெருக்கமாக இருந்ததாக எனக்கு நினைவு. மின்மினிப் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தையைத் தின்றுதான் வளர்கின்றன. கரையைத் துப்புரவாக்கிச் செம்பனை நட்டால் நத்தை போகும், நத்தை போனால் விளக்கும் போகும். எங்களுக்குச் சோறு போட்ட அதே செம்பனைதான்.

நிலாக் கணக்கு இப்படி: வளர்பிறையில் மாலையிலேயே நிலா வானத்தில் நிற்கும், பூச்சியின் வெளிச்சம் எடுபடாது. தேய்பிறையின் பிற்பாதியில் நிலா நேரம் கழித்துத்தான் எழும், அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மழை பெய்தால் எந்தப் பிறையும் உதவாது. கொசு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், படகில் ஏறிய பிறகு அல்ல, வீட்டிலேயே.

மறுநாள் காலை கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தி. சின்னக் குன்று. பழைய செலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்த இடம். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுவிட்டார். பீரங்கிகள், முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் எல்லாம் மேலே இருக்கின்றன. நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்க்கும் கட்டடமும் இங்கேதான். அத்தையின் நாட்காட்டிக்கு ஒரு துணை என்று நினைத்துக்கொண்டேன். வார இறுதியில் காரை மேலே விடுவதில்லை, கீழிருந்து டிராம் ஏற வேண்டும். நாங்கள் புதன்கிழமை போனதால் அந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகளுக்குக் கோட்டை ஐந்து நிமிடம், குரங்கு ஒன்றரை மணி நேரம். சாம்பல் வெள்ளி நிறத்தில் உச்சிக் கொண்டையோடு இருக்கும் இலைக்குரங்குகள், சாது. அவற்றின் குட்டி பிறக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறம்! தாயின் வயிற்றில் யாரோ பழத்தைக் கட்டிவிட்ட மாதிரி தொங்கும். பயறும் கடலையும் விற்பவர்கள் சுற்றி வருகிறார்கள், வாங்காதீர்கள் என்பேன். தீனி காட்டினால் இவற்றோடு நீளவால் குரங்குகளும் வரும். அவை சாது இல்லை. ஒன்று எங்கள் பை ஜிப்பைத் திறந்து சின்னவனின் பால் போத்தலை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, எங்களைப் பார்த்துக்கொண்டே குடித்தது. கழிவறை இருக்கிறது, சுத்தம் சுமார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடற்கரை. இங்கேதான் என் பிள்ளைகள் ஏமாந்தார்கள். பெர்த் கடற்கரையில் வளர்ந்தவர்கள், கடல் என்றால் நீலம் என்று நினைப்பவர்கள். ஜெராம் பக்கம் பந்தாய் ரெமிஸில் இறங்கியதும், "கடல் எங்கே?" என்றான் சின்னவன். நியாயமான கேள்விதான். நீர் வற்றிக் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சேறு. மலாக்கா நீரிணைக் கரையின் இந்தப் பகுதி குளிக்கிற கடல் அல்ல, தின்கிற கடல். கெராங், லாலா என்ற சிப்பி வகைகள், நண்டு, சுட்ட மீன். சாயங்காலம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இலையில் சுட்ட பாரி (திருக்கை) மீனும் சம்பலும் தின்றுகொண்டே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். கால் மணி கழித்துப் பிள்ளைகள் முட்டி வரை சேற்றில் இருந்தார்கள். சேற்று மீன்கள் துடுப்பை ஊன்றித் தாவித் தாவி ஓடின. பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகளை எண்ணுவதில் அக்காளும் தம்பியும் சண்டை. கால் கழுவக் குழாய் இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. கடைக்கார அக்கா பாத்திரம் கழுவும் வாளியைக் கொடுத்தார்.

வான்கண்ணாடி என்று எல்லோரும் படம் போடும் சாசாரான் மணல்திட்டுக்கும் போனோம். கடல் நடுவே இருக்கும் திட்டு அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக வற்றும் சில நாட்களில்தான் வெளியே தெரியும். மெல்லிய நீர்ப்படலத்தில் வானமும் நாமும் தலைகீழாகத் தெரிவோம். மின்மினிக்கு அமாவாசை வேண்டும், இதற்கு அமாவாசையோ பௌர்ணமியோ வேண்டும். அதனால் அமாவாசை வாரத்தில் வந்தால் இரண்டும் கிடைக்கும்.

படகு ஏற்பாட்டாளர் விஷயத்தில்தான் கசப்பு. காலை எட்டு மணி என்று பணம் கட்டியிருந்தோம். முந்தின இரவு பதினொன்றரைக்கு, ஐந்தே முக்காலுக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. நீர் வற்றும் நேரம் மாதக்கணக்கு முன்பே தெரியும், யாரும் கடைசி நேரத்தில் கண்டுபிடிப்பதில்லை. இரண்டு குழுவை ஒரே படகில் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்டதற்கு, "வேணாம்னா வராதீங்க, பணம் திரும்பாது" என்று பதில். போனோம். அரை மணிக்கு மேல் படகு. இறங்கிய இடத்தில் நிழல் இல்லை, கழிவறை இல்லை, உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும், ஆகவே ரப்பர் செருப்பு கட்டாயம். படம் எடுத்துத் தரும் பையன் மட்டும் தங்கமானவன். சின்னவன் அழுவதைப் பார்த்து அவனையே தலைகீழாக நிற்கும் மாதிரி எடுத்துக் காட்டினான். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் இதை விட்டுவிடுங்கள், மின்மினியும் குரங்கும் போதும்.

செக்கிஞ்சானுக்கு ஒரு மதியம் போனோம். வயல், கடல் மீன், மரத்தில் சிவப்புத் துணி கட்டி வேண்டுதல் போடும் கடற்கரை. வயல் வருடத்தில் இரண்டு போகம், நாங்கள் போன நேரம் பாதி அறுத்துப் பாதி நின்றது. வெயிலில் பிள்ளைகள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

பிள்ளைகள் குளித்தே ஆக வேண்டும் என்றால் விமானம் ஏறும் நாளில் சிப்பாங் பாகான் லாலாங். அதுவும் நீலம் இல்லைதான், ஆனால் மணல் இருக்கிறது, தண்ணீர் ஏறும் நேரத்தில் கால் நனைத்து விளையாடலாம், விமான நிலையமும் பக்கம். அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோறும் நெத்திலிப் பொரியலும் கீற்று நிழலில் பிரித்தோம். பெரியவள் கடலில் இறங்கவே இல்லை, நண்டு வளை தேடிக்கொண்டிருந்தாள்.

கார் திருப்பிக் கொடுக்கும்போது அதே தம்பி. பிள்ளை இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின் இருக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "சேறு கா" என்றார். சுத்தம் செய்ய ஐம்பது வெள்ளி (ரிங்கிட்). எங்கேயிருந்து வந்த சேறு என்று சின்னவன் அவருக்கு விளக்க ஆரம்பித்தான். நான் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.