ஜாவா, க்ரூவி ரெகெக்ஸ்: எட்டு ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

ரெகெக்ஸ் என்பது எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேட உதவும் குறிமொழி, அதில் எழுதும் வடிவம்தான் பேட்டர்ன். "பேட்டர்ன் சரிதான், ஆனா மேட்ச் ஆகல" என்று யாராவது வந்து நின்றால் நான் பேட்டர்னைப் பார்ப்பதில்லை. எந்த மெத்தடைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். மேட்சஸ் என்ற மெத்தடுக்கு மொத்த ஸ்ட்ரிங்கும், அதாவது கொடுத்த எழுத்து வரிசை முழுவதும், பொருந்த வேண்டும். ஃபைண்ட் மெத்தடுக்கு நடுவில் ஒரு துண்டு கிடைத்தாலே போதும். ஜாவாவோடு சேர்ந்து இயங்கும் க்ரூவி மொழியில் இந்த வேறுபாடு ==~, =~ என ஒரே ஒரு குறியில் அடங்கிவிடுகிறது. ஆறு இலக்க பின்கோடைச் சோதிக்க =~ போட்டிருந்த இடத்தில் பத்து இலக்க மொபைல் எண்ணும் உள்ளே நுழைந்ததைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி க்ரூவிதான் எனக்குப் பிடித்தது. பேட்டர்னைச் சாய்கோடுகளுக்குள் எழுதினால் ஜாவாவில் போல பேக்ஸ்லாஷை இரண்டிரண்டாகப் போட வேண்டாம், கண்ணுக்கு எவ்வளவோ நிம்மதி.

அடுத்தது டேட்டா. விண்டோஸில் உருவான ஒரு லாக் ஃபைலை நியூலைனில் பிரித்து ==~ வைத்துத் தேடினேன். ஒரு வரிகூடச் சிக்கவில்லை. பேட்டர்னை அரை நாள் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, ஒரு வரியின் எழுத்துகளை எண்களாக அச்சிட்டேன். கடைசி எண் 13, அதாவது கேரியேஜ் ரிட்டர்ன், விண்டோஸ் வரி முடிவில் நியூலைனுக்கு முன் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி. ஜாவா ரெகெக்ஸில் 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள்படும் புள்ளி (.) இயல்பாக அதைப் பிடிக்காது. அதை ட்ரிம் செய்து நீக்கியதும் எல்லா வரிகளும் வந்துவிட்டன.

தமிழ் டேட்டாவில் இன்னும் கவனம் வேண்டும். ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாவுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடின் ‘எல்’ (எழுத்துகள்) வகையை மட்டும் கொடுத்துத் தேடினால் ‘தம’, ‘ழ’ என இரண்டு துண்டுகளாகத்தான் கிடைக்கும். இகரக் குறி, புள்ளி போன்றவை ‘எம்’ (குறிகள்) வகையில் இருப்பதால் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஜாவா 17இலிருந்து 21க்கு மாறியபோது, சொல் எல்லைக்கான ‘பேக்ஸ்லாஷ் பி’ இருந்த டெஸ்டுகளில் தமிழ் வரிகள் மட்டும் விழுந்தன. ஜாவா 19 முதல் அது இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண் போன்றவை) மட்டுமே சொல்லின் பகுதியாகக் கணக்கில் எடுக்கிறது. எந்த எக்ஸெப்ஷனும் வராது, மேட்ச் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். டெஸ்டுகள் இருந்ததால் பிடித்தோம். பேட்டர்னை கம்பைல் செய்யும் இடத்தில் ஆஸ்கி அல்லாத எழுத்துகளையும் சொல்லின் பகுதியாக எடுக்கச் சொல்லும் யூனிகோட் கேரக்டர் கிளாஸ் ஃப்ளாகைச் சேர்த்தேன், எல்லாம் பாஸ்.