குமுளி மசாலா கடைகளில் விற்கும் உதிரி கிரீன் டீ: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். வெயில் படும் கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தால் மட்டும் வேண்டாம். வெளிச்சமும் ஈரமும் பட்டால் இலையில் உள்ள கேட்டசின் என்ற ஃபிளவனாய்டு (தாவரச் சத்து) சிதையும். உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள்: பச்சைப் புல் வாசம் வர வேண்டும், வைக்கோல் வாசம் வந்தால் பழைய சரக்கு.

ஒரு டம்ளருக்கு (200 மி.லி.) 2 கிராம் போதும். கொதித்த தண்ணீரை இறக்கி, 80 டிகிரி வாக்கில் ஆறியதும் இலையைப் போட்டு 2 நிமிஷத்தில் வடிகட்டுங்கள். பால் டீ மாதிரி அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு வரும். சரக்கு கசக்குது என்று பலர் குறை சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்தைக் கேட்டசின் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

"கிரீன் டீ குடித்தால் இதய அடைப்பு கரையும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2022-ல் வெளியான காஸ்மாஸ் (COSMOS) என்ற அமெரிக்க ஆய்வில் 21,442 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 500 மி.கி. கோகோ ஃபிளவனால் (கேட்டசினும் இந்த வகைதான்) எடுத்தவர்களிடம் இதயநோய் இறப்பு 27 சதவீதம் குறைவு. ஆனால் மொத்த இதயநோய் பாதிப்புகள் சொல்லும்படி குறையவில்லை. அதுவும் கோகோ, டீ அல்ல. கிரீன் டீ காப்ஸ்யூல் பக்கமே போகாதீர்கள்: ஈஜிசிஜி (கிரீன் டீயின் முக்கிய கேட்டசின்) தினம் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ரத்தத்தில் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.