டிஸ்சார்ஜ் பேப்பரில் 'காயம் நலம்', வீட்டில் சீழ்

கும்பகோணம் பக்கம் யாரையாவது ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஐப்பசியில் சம்பா நடவு நேரம். மடை திறக்கப் போன அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். வினை வந்தது வார்டில்தான்.

எட்டுக் கட்டில். டிரெஸ்ஸிங் செய்கிறவர் முதல் கட்டிலில் மாட்டிய கையுறை எட்டாவது கட்டில் வரைக்கும் அப்படியே இருக்கும். மூன்றாவது கட்டிலில் ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர். அவர் கட்டைப் பிரித்த அதே விரல் டிராலியைத் தொட்டு, செல்போனைத் தொட்டு, அப்புறம் அப்பா காலுக்கு வரும். கட்டிலோரம் சானிடைசர் பாட்டில் ஒன்று தொங்கியது, அமுக்கினால் கீச்சென்று காற்றுதான் வந்தது. "சிஸ்டர், கிளவுஸ் மாத்திட்டு வாங்களேன்" என்றேன். "போட்டுக்கிட்டுதானண்ணே இருக்கேன்" என்றார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அந்த மாடி முழுக்க ராத்திரிக்கு அவர் ஒருத்தர்தான். ஆனால் மாற்றாத கையுறை அவர் கையைத்தான் காப்பாற்றும், அடுத்த ஆள் புண்ணை அல்ல. ஒவ்வொரு நோயாளிக்கும் புதுசு போட வேண்டும், முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், சானிடைசர் தேய்க்க 20, 30 விநாடிதான் ஆகும். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-லேயே கை கழுவ வைத்துப் பிரசவ வார்டில் சாவைக் குறைத்துக் காட்டிவிட்டார், நாம் இன்னும் காலி பாட்டிலை மாட்டி வைத்திருக்கிறோம்.

ஆறாம் நாள் காய்ச்சல். "ஆபரேஷன் சூடு" என்றார்கள். மறுநாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கட்டு நனைந்து நாற்றம் எடுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினால், "மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாரா, தண்ணி பட்டுச்சா" என்று விசாரணை! கட்டிலை விட்டு இறங்காத மனுஷன். புது அட்மிஷன், புது பில், கண்ணை மூடிக்கொண்டு ஊசி. சீழை எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பவே இல்லை. பிறகு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியே கல்ச்சர் ரிப்போர்ட் எங்கே என்பதுதான். ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்தால் கிருமி சரியாக வளராமல் போகலாம், அதனால் முதலில் அதை எடுத்திருக்க வேண்டும் என்றார். மறுபடி திறந்து கழுவினார்கள்.

இதை விட வயிற்றெரிச்சல் காகிதத்தில் இருந்தது. முதல் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைப் பதிவேட்டின் நகல் கேட்டேன், எம்டி வரணும் என்று இழுத்தார்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன், வந்துவிட்டது. நர்ஸ் எழுதிய சார்ட்டில் ஆறாம் நாள் 101 டிகிரி. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'காய்ச்சல் இல்லை, காயம் நலம்'. இரண்டாவது அட்மிஷனில் 'சர்க்கரை நோயால் ஆறாத புண்'. அப்பாவுக்குச் சர்க்கரையே கிடையாது, அவர்கள் எடுத்த ரத்தப் பரிசோதனையே அதைச் சொல்கிறது.

வார்டில் பிடித்த தொற்று வீட்டுக்குப் போனதும் வீட்டுக் கணக்கில் ஏறிவிடாது. ஆபரேஷன் முடிந்து 30 நாளுக்குள் அந்த இடத்தில் தொற்று வந்தால் அதை ஆபரேஷன் தொற்றாகத்தான் கணக்கு வைப்பார்கள், பிளேட், கம்பி வைத்த இடத்தில் ஆழமாக வந்தால் 90 நாள் வரைக்கும். நம்மைப் போன்ற நாடுகளில் ஆஸ்பத்திரியில் படுக்கிற 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஏதாவது ஒரு தொற்று வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 'காயம் நலம்' என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்கில் எங்கள் அப்பா எங்கே வருவார்?

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் சார்ட், சம்மரி இரண்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, 2 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இணை இயக்குநர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே வார்டில் அந்த மாசம் படுத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கேஸ் ஷீட்டை முதலில் வாங்கி வையுங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.