பழைய வேதாகமத்துக்குப் புது முதுகு: ஒரு பைண்டிங் கடையைப் பற்றி

பாளையங்கோட்டையில், பழைய புத்தகங்களைப் பிரித்து மறுபடியும் கையால் தைத்துக் கொடுக்கிற ஒரு சிறிய பைண்டிங் கடையில் எங்கள் வீட்டு வேதாகமத்தைக் கொடுத்து வாங்கினோம். கூலி 850 ரூபாய். பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை 24 நாளில் முடிந்தது. தையலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். விளிம்பை வெட்டியதற்குக் கணிசமாகக் குறைப்பேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தம்மை அடையாளம் காட்டுகிற எதையும் எழுத வேண்டாம் என்று அங்கே வேலை செய்கிற பெரியவரும் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரையும் தெருவையும் சொல்லாமல் விடுகிறேன். இப்படிப்பட்ட கடைகள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன; கட்டு விட்டுப்போன வேதாகமத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருப்பவர்கள், அங்கே போனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைச் செய்ய விடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவும்.

இந்த வேதாகமம் 1998இல் எங்கள் திருமணத்தன்று சபையார் கொடுத்தது. பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிற 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு வெற்றிடம், சிவப்புச் சாயம் ஏற்றிய விளிம்பு. கடந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில் 103ஆம் சங்கீதத்தை வாசிக்க எழுந்தபோது, யோபுவின் கடைசி அதிகாரங்கள் தொடங்கி நீதிமொழிகள் வரைக்கும் ஒரே கட்டாகக் கழன்று பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சபையே சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் குனிந்து சங்கீதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து, வெளியே காணிக்கையாக வந்த வாழைத்தாரும் சேவலும் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது, புதிது ஒன்று வாங்கிவிடும்படி மூன்று பேர் எனக்கு ஆலோசனை சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. நான் கொடுத்த கூலியைவிடக் குறைந்த விலைக்குப் புது வேதாகமமே கிடைக்கும். எழுத்தும் பெரிதாக இருக்கும். ஆனால் புதிதில் ஓரக் குறிப்புகள் இருக்காது. 27 ஆண்டுகளாக நானும் என் மனைவியும் அந்தச் சுண்டுவிரல் அகல இடத்தில் எழுதி வந்திருக்கிறோம். பெரிய தியானங்கள் எதுவும் இல்லை; ஒரு சொல், இரண்டு சொல், பக்கத்திலேயே ஆண்டு. பெரும்பாலும் வேண்டுதல்கள், சில இடங்களில் வாக்குவாதம், ஓரிடத்தில் மளிகைக் கணக்குகூட உண்டு.

எல்லாக் குறிப்புகளையும் இங்கே எழுதுவது முறையாகாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், தன் சகோதரனை எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்க, ஏழெழுபது தரம் என்று ஆண்டவர் பதில் சொல்கிற இடத்தின் ஓரத்தில், நீல மையில் "முடியாது, 2009" என்று என் கையெழுத்து இருக்கிறது. பேனாவை அழுத்திய அழுத்தத்தில் அந்த மெல்லிய தாளின் மறுபுறம் எழுத்து புடைத்துத் தெரியும். என் அண்ணனோடு வரப்புத் தகராறு ஏற்பட்டுப் பேச்சு நின்றுபோன ஆண்டு அது. அதற்குக் கீழே பென்சிலில் "கேட்டுப் பார்க்கிறேன், 2013" என்று இருக்கிறது. அண்ணனிடம் அல்ல, ஆண்டவரிடம். அதற்கும் கீழே "போனேன். காபி கொடுத்தார்கள், 2019". முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பத்தாண்டில் எந்த ஒரு நாளிலும் நான் வளர்ந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஜெபம் செய்தாலும் கோபம் அப்படியேதான் இருந்தது. அந்த ஓரத்தைப் பார்க்கும்போது மட்டும், என்னை யாரோ பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

ஸ்தோத்திரம் என்பது எங்கள் பக்கத்துச் சபைகளில் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொல். கதவைத் திறந்தாலும் ஸ்தோத்திரம், தொலைபேசியை எடுத்தாலும் ஸ்தோத்திரம், பிரசங்கியாருக்கு அடுத்த வாக்கியம் நினைவுக்கு வராவிட்டாலும் ஸ்தோத்திரம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று எங்கள் வேதாகமத்தில் வருகிற இடத்தில் நன்றி என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. சொல் மாறியதும் எதற்கு நன்றி என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. வேலை கிடைத்ததற்கு, பிள்ளை பிழைத்ததற்கு, மழை பெய்ததற்கு நன்றி சொல்வது எளிது. ஆவிக்குரிய வளர்ச்சிக்கு நன்றி சொல்வதுதான் ஆபத்தானது. லூக்கா 18இல் ஆலயத்தில் நின்ற பரிசேயன் சொன்னதும் ஒரு நன்றி ஜெபமே. மற்ற மனுஷரைப் போலவும், வரி வசூலிக்கிற இந்த ஆயக்காரனைப் போலவும் தான் இராததனால் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம் என்று கணக்கும் வைத்திருக்கிறான். பவுலோ தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, "உங்கள் விசுவாசம் மிகவும் பெருகுகிறபடியினாலும்" தேவனை ஸ்தோத்திரிக்கக் கடனாளிகளாயிருக்கிறோம் என்று அடுத்தவர்களுடைய வளர்ச்சிக்காகவே நன்றி சொல்கிறார். தன்னுடைய வளர்ச்சிக்கு நன்றி சொல்ல விரும்புகிறவனுக்குத் தன் தோல்வியின் குறிப்பும் அதே பக்கத்தில் கண்ணில் பட வேண்டும் என்பது என் கருத்து. "போனேன்" என்ற சொல்லைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்த முடியாதபடி, அதற்கு மேலேயே "முடியாது" என்று எழுதியிருக்கிறது.

இதற்கு மாற்றாக நான் முயன்று பார்த்தவையும் உண்டு. நாளுக்கு மூன்று நன்றிகள் எழுதும்படி கோடு போட்ட நாட்குறிப்பு ஒன்றைப் புத்தாண்டில் வாங்கினேன்; பிப்ரவரி மாதத்தோடு அது வெறுமையாகிவிட்டது. கைபேசி வேதாகமத்தில் எழுதி வைத்த குறிப்புகள், கைபேசியை மாற்றியபோது என்னோடு வரவில்லை. ஆகவே 850 ரூபாய் எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

இனி வேலையைப் பற்றி. பெரியவர் புத்தகத்தை வாங்கியதும் முதலில் முதுகைத் தடவிப் பார்த்தார். "நூல் அத்துப்போகல அண்ணாச்சி, முதுகுல போட்ட பசைதான் செத்துப்போச்சு" என்றார். அதுவரையில் தையல் விட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆலையில் முதுகுக்குப் பூசுகிற பசை ஆண்டுகள் போகப்போக உலர்ந்து கண்ணாடி போல உடைகிறது. உடைந்த இடத்தில் நூல் மட்டும் பாரத்தைத் தாங்குகிறது. கடைசியில் தாளின் மடிப்பு கிழிகிறது. வேதாகமத் தாள் மிக மெல்லியது என்பதால் மற்ற புத்தகங்களைவிட இது சீக்கிரம் நடக்கும். அவர் குர்ஆன் பிரதிகளும் நிறையத் தைப்பவர். மெல்லிய தாளைக் கையாளும் பழக்கம் அதில் வந்தது என்றார். வேதப்புத்தகம் எந்த மதத்தினுடையதாக இருந்தாலும் தரையில் வைக்காமல், மேல் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்தே வேலை செய்கிறார்.

இரண்டாம் முறை நான் போனபோது வேலை பாதியில் இருந்தது. நேரில் பார்க்க முடிந்தது. பழைய முதுகில் ஈரமான மைதாப் பசையை அப்பி ஊற வைத்து, உலர்ந்த பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார். 32 பக்கங்கள் சேர்த்து மடித்த பாரங்கள் நாற்பதுக்கும் மேல், வரிசை மாறாமல் அடுக்கப்பட்டிருந்தன. மடிப்பில் கிழிந்திருந்த பாரங்களுக்கு மட்டும், ஊடுருவிப் பார்க்கக்கூடிய அளவுக்கு மெல்லிய தாளை நாடாவாகக் கிழித்து உட்பக்கமாக ஒட்டியிருந்தார்; கத்தரித்தால் ஓரம் தடித்து நிற்கும், கையால் கிழித்தால்தான் நார் படிந்து மறையும் என்றார். அதன் பிறகு மெழுகு தேய்த்த நூலால், ஒவ்வொரு பாரத்தையும் முந்தைய பாரத்தோடு முடிச்சுப் போட்டுத் தைக்கிறார். முதுகுக்குக் காடாத் துணி, அதன்மேல் தாள், இரு புறமும் கனமான அட்டை, வெளியே கறுப்பு ரெக்சின். பசையில் மயில்துத்தம் கலப்பதால் அது இலேசான நீல நிறமாக இருந்தது. இராமபாணப் பூச்சி அண்டாது. எங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்கும் ஈரத்துக்கும் இது முக்கியம்.

முடிந்து வந்த புத்தகத்தை மேசைமேல் வைத்து எங்கே திறந்தாலும், கையால் அமுக்காமலே விரிந்து கிடக்கிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் திறந்தாலும் வெளிப்படுத்தலின் கடைசிப் பக்கத்தில் திறந்தாலும் அப்படியே. வெறும் பசையால் ஒட்டுகிற கடைகளில் இது நடக்காது. அங்கே மூன்றே மாதத்தில் மறுபடியும் சங்கீதம் கழன்று விழும். சபையார் கையெழுத்திட்டுக் கொடுத்த முன்தாளைத் தூக்கி எறியாமல், புதுத் தாளின்மேல் ஒட்டிக் காப்பாற்றியிருக்கிறார். அந்தக் கையெழுத்துகளில் பாதிப் பேர் இப்போது இல்லை. முதுகில் பொன்னிற எழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதை நான் குறையாக எண்ணவில்லை.

குறை விளிம்பில் இருக்கிறது. தைத்து முடித்ததும், தாள்கள் சமமாக நிற்க வேண்டும் என்பதற்காக மூன்று பக்கமும் வெட்டு இயந்திரத்தில் கொடுத்து அரிந்துவிட்டார். பைண்டிங் தொழிலில் அது வழக்கம். புத்தகம் அழகாகவும் தெரிகிறது. ஆனால் எங்கள் புத்தகத்தில் சிவப்பு விளிம்பு போனதோடு, ஓரத்தில் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் போய்விட்டது. ஆண்டை வரியின் கடைசியில் எழுதுவது என் பழக்கம். ஆகவே வலப்பக்கத் தாள்களில் பல ஆண்டுகள் கடைசி இலக்கத்தை இழந்துவிட்டன. மத்தேயு 18இல் 2009 தப்பியது, 2019 தப்பியது, 2013 இப்போது 201 என்று நிற்கிறது. கடையிலேயே அதைப் பார்த்துவிட்டு நான் சிறிது நேரம் பேசவில்லை. பெரியவருக்கு விஷயம் புரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. கூலியில் நூறு ரூபாயைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். நான் குறைக்கவில்லை. ஓரத்தில் எழுத்து இருப்பதை முன்கூட்டிச் சொல்லாதது என் தவறு. புரட்டிப் பார்த்தவர் அதைக் கவனிக்காதது அவர் தவறு. இரண்டையும் சரிபாதியாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் காட்டினேன். போன இலக்கம் எது என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. 2012ஆ 2013ஆ என்று குழம்பினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது அத்தை ஆஸ்பத்திரியில கிடந்த வருஷம், பெரியவன் வரலையேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கள்ல, அன்னைக்கு ராத்திரிதான் நீங்க எழுதினீங்க" என்றாள். அது 2013. என் மனம் அசைந்ததற்குக் காரணம் என் ஜெபமே என்று இத்தனை நாளும் எண்ணி வந்தேன். என் அம்மாவின் படுக்கை அதற்குள் இருந்தது என்பதை அந்தக் குறிப்பில் நான் எழுதவே இல்லை. போன இலக்கத்தைப் பென்சிலால் நிரப்பி, பக்கத்தில் இடம் இல்லாததால் வரிக்கு மேலே "அம்மா" என்று எழுதி வைத்தேன்.

கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். கைத்தையலா, வெறும் பசையா என்று முதலிலேயே கேளுங்கள். மெல்லிய தாளில் தைத்துப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். எத்தனை நாள் என்று அவர்கள் சொன்னாலும் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பசை உலர்வதற்கே கூடுதல் நாளாகும். உள்ளே செருகி வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகள், திருமண அழைப்பிதழ்கள், காய்ந்த குருத்தோலைச் சிலுவைகள் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்; எங்களுடையதில் அப்படி பதினொன்று இருந்தன, பெரியவர் ஒன்றுவிடாமல் ஒரு உறையில் போட்டுத் திருப்பித் தந்தார், ஆனால் எல்லோரும் அப்படித் தருவார்கள் என்று சொல்ல முடியாது. ஓரத்தில் எழுத்து இருந்தால் வாயால் சொன்னால் போதாது.

அடுத்த மாதம் அம்மாவின் பழைய பாமாலை என்கிற ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தையும் அதே கடையில் கொடுக்கப் போகிறேன். "விளிம்பை வெட்ட வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் எழுதிய தாளை, குறுக்கே நூல் போட்டு இப்போதே அதன்மேல் கட்டி வைத்திருக்கிறேன்.