வீட்டில் தங்கலாமா, மண்டபத்திலா?

இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கு வருகிறீர்கள், முதல் நாள் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, மறுநாள் பிச்சாவரம். இரவு எங்கே படுப்பது? தெரிந்தவர்கள் வீடுகளில் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து தங்கலாம், இல்லையென்றால் கல்யாண மண்டபத்தில் ஒன்றாகப் பாய் விரிக்கலாம்.

மண்டபம் பொறுப்பாளருக்குச் சுலபம். தலை எண்ணலாம், கிளம்பும்போது பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தால் முடிந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் மட்டும் கூடாது, சட்டமும் அதுதான், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் தூங்க வேண்டும்.

வீடு அப்படி இல்லை. போன வருஷம் எங்கள் பையன் ஒருவன் கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு நேராகக் கூடத்துக்குள் போய்விட்டான். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று தடவை மணலைப் பெருக்கினார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அப்புறம் வாசலிலேயே வாளித் தண்ணீர் வைத்து, காலைக் கழுவிய பிறகுதான் உள்ளே என்று சொல்லிவிட்டேன். குளிக்கவும் ஆளுக்கு ஒரு வாளிதான், மேல்தொட்டித் தண்ணீர் அந்தக் குடும்பத்துக்கு அளவாக இருப்பது. வெளியில் சாப்பிடுவதாக இருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பார்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால் மண்டபம், சரி. பதினைந்து வயதைத் தாண்டியவர்கள் என்றால் நான் வீட்டைத்தான் சொல்வேன், தட்டை எடுத்துக் கழுவ அங்கேதான் தானாகக் கை போகிறது.